சோனோமாவில் ஓடைப்பக்கத் திராட்சைக் கொடிகள் கருகுகின்றன, பியர்ஸ் நோய்தானா?

ஓடைக்கரையான் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். கலிஃபோர்னியாவில் சோனோமா கவுண்டியில் இருக்கிறோம். வீடு வாங்கும்போதே பின்பக்கம் அரை ஏக்கர் அளவுக்குத் திராட்சை இருந்தது, பெரும்பாலும் ஷார்டனே என்கிற வெள்ளை ஒயின் ரகம், மேட்டில் மட்டும் கொஞ்சம் கேபர்னே சாவிஞான் என்கிற கறுப்பு ரகம். தோட்டத்தின் கீழ்ப்பக்க எல்லை ஒரு ஓடை. அதன் கரை முழுக்க பிளாக்பெரி முள்புதர், காட்டுத் திராட்சை, இன்னும் பெயர் தெரியாத செடிகள்.

ஆகஸ்டு பாதியிலிருந்து ஓடைப்பக்க வரிசைகளில் இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்கின்றன. குலைகளும் அங்கங்கே சுருங்கி, கொடியிலேயே காய்ந்து போகின்றன. போன வருடம் சில கொடிகளில்தான் இருந்தது, இந்த வருடம் பக்கத்துக் கொடிகளிலும் தெரிகிறது. மேட்டுப்பக்கம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், சொட்டுநீரைக் கூட்டியும் மாற்றம் இல்லை. இன்னொருவர் பார்த்துவிட்டு இது பியர்ஸ் நோய், தத்துப்பூச்சி கொண்டுவருகிற பாக்டீரியா, மருந்தே கிடையாது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள் என்கிறார். தெற்குக் கலிஃபோர்னியாவில் டெமெகுலா ஊர்த் திராட்சைத் தோட்டங்களை அழித்த கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி இங்கேயும் வந்துவிட்டது என்றும் சொல்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: இது அந்த நோய்தானா என்று நானே எப்படிப் பார்ப்பது? கொடிகளைக் காப்பாற்ற வழி உண்டா? கரையிலுள்ள புதரை எல்லாம் வெட்டிவிடலாமா? இன்னொன்று, தேனி மாவட்டம் கம்பம் ஊரில் சித்தப்பா பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார், அடுத்த முறை வரும்போது ஷார்டனே குச்சி நாலு கொண்டுவாடா என்று கேட்டிருக்கிறார். அதில் ஏதும் ஆபத்து இருக்கிறதா?


கொடிக்கால் எழுதியது:

உங்கள் பக்கத்து நாப்பா கவுண்டியில் திராட்சைத் தோட்ட மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்தே தொண்ணூறு சதவீதம் பியர்ஸ் நோய் என்பேன். அறிகுறியைவிட, நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியமான சாட்சி. ஓடையோரம் கடுமை, உள்ளே போகப்போகக் குறைவு, மேட்டில் இல்லை என்றால் அது நம் வடகடற்கரைப் பகுதியின் பியர்ஸ் நோய் அப்படியே. தண்ணீர்க் குறைவோ சாம்பல் சத்துக் குறைவோ ஓடையைப் பார்த்து வராது.

ஆனாலும் கொடியைக் கையில் பிடித்துப் பாருங்கள். முதலில் இலை. காய்ந்த ஓரத்துக்கும் பச்சையான நடுப்பகுதிக்கும் இடையில் ஒரு கோடு தெரியும், ஷார்டனே மாதிரி வெள்ளை ரகத்தில் மஞ்சளாக, கறுப்பு ரகத்தில் சிவப்பாக. அந்தக் கோடு வாரத்துக்கு வாரம் உள்ளே நகர்வதால் காய்ந்த பகுதியில் வளையம் வளையமாகத் தெரியும். அப்புறம் காம்பு. இந்த நோயில் இலைத்தகடு காம்பை விட்டுக் கழன்று விழுந்துவிடும், காம்பு மட்டும் குச்சியோடு ஒட்டிக்கொண்டு தீக்குச்சி மாதிரி நிற்கும். வறட்சியில் விழும் இலை காம்போடு சேர்ந்துதான் விழும். மூன்றாவது, அந்த வருடத்துக் குச்சி. செப்டம்பர் கடைசியில் குச்சியின் பட்டை பழுப்பாக முற்றும்போது நோய்க்குச்சியில் நடுநடுவே பச்சைத் திட்டுகள் முற்றாமலே நின்றுவிடும், சுற்றிலும் பழுப்பு, நடுவில் ஒரு விரற்கடை அளவு பச்சை. இந்த மூன்றும் ஒரே கொடியில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இலையில் நரம்புகளுக்கு நடுவே மட்டும் பட்டை பட்டையாகக் காய்ந்து நரம்போரம் பச்சையாக இருந்தால் அது எஸ்கா என்கிற பூஞ்சை நோயாக இருக்கலாம், அது வேறு கதை.

எதனால் காய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பாக்டீரியாவின் பெயர் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா. வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் சைலம் குழாய்களுக்குள் மட்டும்தான் அது வாழும். அங்கே ஒட்டிக்கொண்டு பெருகி, பசைப்படலம் கட்டுகிறது. அதைத் தடுக்கக் கொடியும் தன் பங்குக்குக் குழாய்க்குள் அடைப்புகளை வளர்க்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீர் போகும் பாதை அடைபடுகிறது. மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலை நுனிக்குப் போய்ச் சேராது, அதனால்தான் நீங்கள் சொட்டுநீரைக் கூட்டியும் ஒன்றும் நடக்கவில்லை.

பரப்புவது அந்தச் சைலத் தண்ணீரையே குடித்து வாழும் தத்துப்பூச்சிகள். இங்கே சோனோமாவிலும் நாப்பாவிலும் முக்கியமானது நீலப்பச்சைத் தத்துப்பூச்சி, சுமார் கால் அங்குல நீளம்தான் இருக்கும், முதுகு நீலமும் பச்சையும் கலந்து மின்னும். குளிர்காலத்தை ஓடைக்கரைச் செடிகளில் கழித்துவிட்டு, திராட்சை துளிர்க்கிற வசந்தத்தில் தோட்டத்துக்குள் பறந்து வரும். வந்ததும் முதல் சில வரிசைகளில்தான் உட்காரும். பாக்டீரியா பூச்சியின் முன்குடலில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் நோய்ச்செடியில் குடித்த பூச்சி அடுத்த செடியில் வாய் வைத்த உடனேயே பரப்ப முடியும், காத்திருக்கும் காலம் என்று எதுவும் கிடையாது. வளர்ந்த பூச்சி ஒரு தடவை வாங்கிக்கொண்டால் சாகும்வரை பரப்பும். குஞ்சுகள் தோலுரிக்கும்போது முன்குடலின் உட்தோலும் சேர்ந்து உரிவதால் பாக்டீரியாவும் போய்விடும். முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை.

இதில் யாரும் கவனிக்காத விஷயம் காலக்கணக்கு. ஏப்ரல், மே மாதம் தொற்றிய பாக்டீரியாவுக்கு இலையுதிர்காலம்வரை நேரம் இருக்கிறது, குச்சியிலிருந்து இறங்கித் தண்டுக்குள் போய்விடும், அந்தக் கொடி நிரந்தர நோயாளி. ஆகஸ்டில் தொற்றியது அந்த வருடத்துக் குச்சியின் நுனியிலேயே இருக்கும், குளிரில் பெரும்பாலும் செத்துவிடும், மிஞ்சியதும் கவாத்தில் வெட்டுப்பட்டுப் போகும். அதனால் நம் பகுதியில் பூச்சியைக் கவனிக்க வேண்டியது வசந்தத்தில். நோய் கண்ணுக்குத் தெரிகிற ஆகஸ்டு, செப்டம்பரில் மருந்தடிப்பவர்கள் நிறைய பேர், அதில் அந்த வருடத்துக்குப் பெரிய பலன் இல்லை.

கண்ணாடிச் சிறகுப் பூச்சி உங்களிடம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. சோனோமாவிலும் நாப்பாவிலும் அது நிலைகொள்ளவில்லை. ஆனால் 2021-ல் பக்கத்து சோலானோ கவுண்டியின் வாக்காவில் நகரத்தில் கண்டுபிடித்தார்கள், நாப்பாவிலிருந்து மிகவும் பக்கம். அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறியில் அரை அங்குல நீளத்தில் பழுப்பான பெரிய தத்துப்பூச்சி எது சிக்கினாலும் தூக்கிப் போடாமல் கவுண்டி வேளாண் கமிஷனர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.


டெமெகுலாக்காரி எழுதியது:

தம்பி, தெற்கே நடந்ததைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இங்கே ரிவர்சைடு கவுண்டியில் வெகுகாலமாக இருக்கிறோம், அந்த வருடங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

கண்ணாடிச் சிறகுப் பூச்சிக்கு சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களும் மெக்சிகோவின் வடகிழக்கும். 1990-ஐ ஒட்டித்தான் கலிஃபோர்னியாவில் பதிவானது. அழகுச் செடிகளின் இலைக்கடியில் முட்டையாக ஒட்டிக்கொண்டு நாற்றங்கால் லாரியில் வந்திருக்கும் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட கருத்து. பத்து வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1999-ல் டெமெகுலாவில் கொடிகள் கூட்டம் கூட்டமாகக் காய ஆரம்பித்தபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். 300 ஏக்கருக்கும் மேல் திராட்சையை அழிக்க வேண்டி வந்தது.

உங்கள் ஊர்ப் பூச்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் அதே நோய், பாக்டீரியாவும் அதே பாக்டீரியா. கலிஃபோர்னியாவில் அது நூறு வருடத்துக்கு மேலாக இருந்தது, ஓடையோரத்திலும் மேய்ச்சல் நிலத்தோரத்திலும் ஓர் ஓரமாக. இந்தப் பூச்சி வந்ததும் அந்த ஓரம் என்பதே இல்லாமல் போனது. இது தூரம் பறக்கும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளில் குளிர்காலம் முழுக்கத் தங்கிப் பெருகும், டெமெகுலாவில் தோப்பும் திராட்சையும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முக்கியமாக, இது இளம் நுனியை மட்டும் தேடாது, குச்சியின் அடிப்பக்கத்து முற்றிய பகுதியிலும் ஊசியை இறக்கும். அங்கே நுழைந்த பாக்டீரியா கவாத்துக் கத்தரிக்குக் கீழே இருக்கிறது. அதனால் கொடிக்கால் சொன்ன வசந்தம், கோடை என்கிற கணக்கு இங்கே உதவவில்லை. கொடியிலிருந்து கொடிக்கே நேராகப் பரவியது, வேலியோரத்தில் ஆரம்பித்தது ஒரே பருவத்தில் தோட்டத்தின் நடுவுக்குப் போனது.

அந்தப் பூச்சி நிறைய இருக்கிற மரத்தடியில் நின்றால் மேலே தூறல் விழும். சைலத் தண்ணீரில் சத்து மிகவும் குறைவு, அதனால் தன் உடல் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் ஒரு நாளில் குடித்து அப்படியே வெளியேற்றுகிறது. தோப்புக்கு அடியில் நிறுத்தின காரின் கண்ணாடியில் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைப் பொட்டுகள் காய்ந்து கிடக்கும். எத்தனையோ பேர் அதைப் பனி என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு என்ன செய்தார்கள் என்றால், திராட்சையை விட்டுவிட்டு முதலில் தோப்பைப் பிடித்தார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு வேர் வழியாக இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள், கொடிகளுக்கும் அதேபோல. பூச்சி எண்ணிக்கை சட்டென்று விழுந்தது, டெமெகுலாவில் திராட்சை இன்றும் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் ஒரே மருந்தை வருடக்கணக்கில் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கெர்ன் கவுண்டியில் பார்த்தோம், அங்கே அந்த மருந்துக்குப் பூச்சி கட்டுப்படாத நிலை பிறகு வந்தது. இன்னொரு பக்கம் அந்தப் பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும், கொசுவைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து விட்டார்கள். தஹிதித் தீவுக்கு 1999-ல் இந்தப் பூச்சி போய்ச் சேர்ந்து தாங்க முடியாத அளவுக்குப் பெருகியது, 2005-ல் அந்தக் குளவியை விட்ட பிறகு ஒரே வருடத்துக்குள் பூச்சி எண்ணிக்கை 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. கலிஃபோர்னியாவில் அந்த அளவுக்கு நடக்கவில்லை, இங்கே குளிர்காலம் முடிந்து பூச்சி இடும் முதல் முட்டைகளின்போது குளவி போதிய அளவில் இருப்பதில்லை.

எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. அந்தப் பத்து வருடத்தில் செடி ஏற்றி வந்த லாரிகளை யாராவது இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். முட்டைகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து இலையின் தோலுக்கடியில் ஒரு பச்சைக் கொப்புளமாகக் கண்ணுக்கே தெரியும். இப்போது தெற்கிலிருந்து வடக்கே போகும் நாற்றங்கால் செடிகளை எல்லாம் சோதிக்கிறார்கள். நீங்கள் வீட்டுக்கு அலங்காரச் செடி வாங்கினாலும் தெற்கிலிருந்து நீங்களாகக் காரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.


ஓடைக்கரையான் எழுதியது:

அக்கா, கொடிக்கால் சார், இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. போய்ப் பார்த்தேன். காம்பு மட்டும் நிற்கிறது, பச்சைத் திட்டும் இருக்கிறது, ஓடைப்பக்க முதல் வரிசைகளில் அனேகமாக எல்லாக் கொடியிலும். கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற கொடிகளில் ஒன்றிரண்டு குச்சியில் மட்டும் தெரிகிறது.

தண்டை அடியோடு வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்த்து நன்றாக வரும் என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். செய்து பார்க்கலாமா? கத்தரியால் நோய் பரவுமா? அப்புறம் அந்தப் புதர் விஷயம். இந்த வார இறுதியிலேயே ஆள் வைத்துக் கரையைச் சுத்தமாக வழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.


நீர்வழி எழுதியது:

புதரில் கை வைக்கும் முன்னால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓடைகளை மீட்டெடுக்கும் வேலையில் இருக்கிறேன், திராட்சை பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஓடை பற்றித் தெரியும்.

கரையை வழித்தால் அடுத்த மழைக்கே மண் சரிந்து ஓடைக்குள் இறங்கும். சோனோமாவின் பல ஓடைகள் சால்மனும் ஸ்டீல்ஹெட் டிரவுட்டும் முட்டையிட வரும் இடங்கள், சரளைக்கல் இடுக்கில் மண் படிந்தால் முட்டை மூச்சுத்திணறிச் சாகும். நிழல் போனால் தண்ணீர் சூடாகும், அதிலும் மீனுக்குத்தான் கேடு. அதனால்தான் ஓடைக்கரைச் செடிகளை அகற்ற மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் பேச வேண்டும், பல இடங்களில் கவுண்டியின் அனுமதியும் வேண்டும். உங்கள் நிலம்தான், ஆனால் கரைக்கு வேறு சட்டம்.

எல்லாவற்றையும் வழிக்க வேண்டிய தேவையும் இல்லை. பூச்சி எல்லாச் செடியிலும் பெருகுவதில்லை. ஹிமாலயன் பிளாக்பெரி, காட்டுத் திராட்சை, பெரிய இலை நித்தியகல்யாணி வகையான விங்கா, மக்வொர்ட், எல்டர்பெரி, இந்த மாதிரி சிலவற்றில்தான் அதிகம். அதில் ஹிமாலயன் பிளாக்பெரியும் விங்காவும் இந்த ஊர்ச் செடிகளே அல்ல, வெளியிலிருந்து வந்து கரையை அடைத்துக்கொண்டவை, அவற்றை எடுப்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் பூச்சி பெருகாத உள்ளூர் மரங்களையும் புதர்களையும் உடனே நட வேண்டும். இப்படி நாப்பாவில் திராட்சைக்காரர்களும் ஓடைக்காரர்களும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். பூச்சியும் குறைகிறது, ஓடையும் பிழைக்கிறது. ஒரு வார இறுதியில் முடிகிற வேலை கிடையாது.


கொடிக்கால் எழுதியது:

நீர்வழி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். வெற்றுக் கரையில் முதலில் முளைப்பதே பிளாக்பெரிதான், வழித்துவிட்டுச் சும்மா விட்டால் இரண்டே வருடத்தில் முன்னைவிட மோசமாக இருக்கும்.

கொடிகளுக்கு வருகிறேன். முதல் வரிசைகளில் முழுக்கொடியும் காய்ந்தவை, இரண்டாவது வருடமாக அறிகுறி காட்டுபவை, இவற்றைக் காப்பாற்ற வழி இல்லை. பாக்டீரியா தண்டுக்குள் இறங்கிவிட்டது. அடியோடு வெட்டினால் துளிர்க்கும், உண்மைதான். முதல் கோடையில் பச்சைப்பசேல் என்று ஆளை ஏமாற்றும், பெரும்பாலானவை மறுபடி கருகும். அந்த நப்பாசையில் வருடங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். பிடுங்குங்கள், மனதைக் கல்லாக்கிக்கொண்டு இந்தக் குளிர்காலத்திலேயே பிடுங்குங்கள். ஷார்டனேயும் பினோ நுவாரும் இந்த நோய்க்கு மிகவும் இளகிய ரகங்கள், தாங்காது.

உள்வரிசையில் ஒன்றிரண்டு குச்சி மட்டும் காட்டுகிற கொடிகள்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியவை. இப்போதே அறிகுறி தெரிகிற குச்சிகளில் வண்ண ரிப்பன் கட்டிவிடுங்கள், குளிர்காலத்தில் இலை போனபிறகு எது எது என்று தெரியாது. கவாத்தில் அந்தக் குச்சிகளை முழுமையாக எடுத்துவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் அந்தக் கொடி மற்றவற்றைவிடத் தாமதமாகத் துளிர்க்கிறதா, துளிர் குட்டையாக, இலை சிறுத்து, நரம்பிடையே வெளிறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவும் போக வேண்டியதுதான். நன்றாகத் துளிர்த்து ஆகஸ்டிலும் சுத்தமாக இருந்தால் குளிர் உங்களுக்கு உதவி செய்திருக்கிறது என்று அர்த்தம். கத்தரியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், தோட்டத்தில் இந்த நோய் பரவும் முக்கிய வழி பூச்சிதான்.

பிடுங்கிய இடத்தில் உடனே ஷார்டனே நாற்று வைக்காதீர்கள். இளங்கொடி இந்த நோயில் முற்றிய கொடியைவிட வேகமாகச் சாகும். முதல் இரண்டு வரிசையைக் காலியாகவே விடுவதில் தப்பில்லை. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஷெனான் பிளாங்க், ரீஸ்லிங் மாதிரி ஓரளவு தாங்கும் ரகங்களைப் பாருங்கள், அவையும் தப்பித்துவிடும் என்று உறுதி இல்லை, மெதுவாகத் தோற்கும், அவ்வளவுதான்.


டேவிஸ் மாணவன் எழுதியது:

ரகம் என்று பேச்சு வந்ததால் ஒரு நல்ல செய்தி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்ட்ரூ வாக்கர் என்கிற பேராசிரியர் கிட்டத்தட்ட இருபது வருடம் இதற்காகவே ஒட்டுச்சேர்க்கை செய்து, பியர்ஸ் நோயைத் தாங்கும் 5 ஒயின் ரகங்களைக் கொடுத்திருக்கிறார். கறுப்பில் கம்மினாரே நுவார், பசேயான்டே நுவார், எரான்டே நுவார், வெள்ளையில் ஆம்புலோ பிளாங்க், கமினான்டே பிளாங்க். எதிர்ப்புச் சக்தி வந்தது மெக்சிகோவின் மான்டெரே பக்கத்தில் சேகரித்த ஒரு காட்டுத் திராட்சையிலிருந்து. காட்டுத் திராட்சையின் பழத்தில் நல்ல ஒயின் வராது என்பதால் தலைமுறை தலைமுறையாக ஒயின் ரகங்களோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, 94 முதல் 97 சதவீதம் ஐரோப்பியத் திராட்சையாகவே ஆக்கிவிட்டார்கள், அந்த ஒரு மரபணு மட்டும் உள்ளே தங்கும்படி. நோய்க்குறி இல்லாமல் வளர்கின்றன. ஓடையோர வரிசைக்கு இவைதான் சரி என்பது என் கருத்து. பெயர் பழக்கமில்லாததால் ஒயின் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள், வீட்டுத் தோட்டத்துக்கு அந்தத் தயக்கம் எதற்கு?

பழைய கதையையும் கொஞ்சம் சொல்ல ஆசை. 1857-ல் ஜெர்மானியர்கள் சேர்ந்து அனஹைமில் திராட்சைக் குடியேற்றம் ஒன்றை அமைத்தார்கள், இன்றைக்கு டிஸ்னிலேண்ட் இருக்கிற அதே அனஹைம். 1880-களில் காரணம் தெரியாமல் கொடிகள் கருக ஆரம்பித்து, சில வருடங்களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் சுமார் 40,000 ஏக்கர் திராட்சை போனது. நியூட்டன் பியர்ஸ் என்பவரை மத்திய வேளாண் துறை அனுப்பியது, 1892-ல் அவர் விரிவான அறிக்கை கொடுத்தார், காரணம் அவருக்கும் பிடிபடவில்லை. பெயர் மட்டும் அவருடையது ஆனது. 1940-களில் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று வில்லியம் ஹெவிட் காட்டினார். வைரஸ் என்றே 1970-கள் வரை எல்லோரும் நம்பினார்கள். 1973-ல் மின்னணு நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரிந்தது, 1978-ல்தான் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிந்தது, 1987-ல் இன்றைய பெயர் வைத்தார்கள். ஃபாஸ்டிடியோசா என்றால் வளர்ப்பதற்கு அடம்பிடிப்பது. 2000-ல் பிரேசில் விஞ்ஞானிகள், ஆரஞ்சைத் தாக்கும் இதன் இன்னொரு வகையின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தார்கள், பயிர்நோய் பாக்டீரியாக்களில் அதுதான் முதல்.

இவ்வளவுக்குப் பிறகும் கலிஃபோர்னியாவுக்கு வருடத்துக்குச் சுமார் 104 மில்லியன் டாலர் செலவு என்று 2014-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது, செத்த கொடி, குறைந்த விளைச்சல், அரசும் தொழிலும் தடுப்புக்குச் செலவழிப்பது எல்லாம் சேர்த்து. தடுப்புக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம் இது வீண் செலவு என்று ஒரு குரல் எழும். டெமெகுலாக்காரி அக்கா சொன்னதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.


கம்பத்து விவசாயி எழுதியது:

அண்ணே, சித்தப்பா குச்சி கேட்டதாகச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நானும் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைதான் போட்டிருக்கிறேன். தயவுசெய்து கொண்டுவராதீர்கள். நாலு குச்சியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நோய் உள்ளே இருக்கிற குச்சி பார்க்க நல்ல குச்சி மாதிரியே இருக்கும், நட்டால் துளிர்க்கவும் செய்யும்.

மேலே நீங்கள் எல்லோரும் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது குளிர்காலக் கணக்குதான். உங்களுக்குக் குளிர் வந்து பாதி நோயைக் கொன்று கொடுக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் உறைபனி எங்கே இருக்கிறது? கொடி ஒருநாளும் உறங்குவதில்லை, கவாத்து செய்த நாளை வைத்து வருடம் பூராவும் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. பந்தலுக்குப் பந்தல் ஒட்டி இருக்கிறது. சைலத்தைக் குடிக்கிற தத்துப்பூச்சி நம் ஊரிலும் உண்டு. செவட்டை, அடிச்சாம்பல் என்கிற நோய்களுக்கு மருந்தடித்தே நாங்கள் ஓய்ந்து போயிருக்கிறோம். 2023-ல்தான் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தச் சந்தோஷம் நிலைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து செடி, குச்சி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவருவது குற்றம். சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன் வேண்டுமானால், எங்கள் ஊர்க்காரர்தானே.


கொடிக்கால் எழுதியது:

தம்பி கம்பத்திலிருந்து எழுதியதைச் சித்தப்பாவுக்கு அப்படியே அனுப்புங்கள். இங்கே முறையான நாற்றங்கால்களில்கூடத் தாய்க்கொடிகளைச் சோதித்துத்தான் குச்சி எடுக்கிறார்கள். உறக்கநிலையில் இருக்கிற குச்சியை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 45 நிமிடம் வைத்தால் இந்தப் பாக்டீரியா சாகும் என்று கண்டிருக்கிறார்கள், ஐரோப்பாவில் அதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். வீட்டு அடுப்பில் செய்கிற வேலை இல்லை அது, ஒன்றிரண்டு டிகிரி கூடினால் மொட்டு வெந்துவிடும்.

ஐரோப்பா ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், 2013-ல் இத்தாலியின் புலியா பகுதியில் ஆலிவ் மரங்கள் கருகியபோது இதே பாக்டீரியாவின் இன்னொரு வகை அங்கே வந்துவிட்டது தெரிந்தது, அங்கே பரப்புவது உள்ளூர் நுரைப்பூச்சி. நூற்றாண்டு மரங்கள் லட்சக்கணக்கில் போயின. மயோர்காத் தீவின் திராட்சைத் தோட்டங்களில் 2017-ல் கண்டுபிடித்தது நம் பியர்ஸ் நோயேதான். பாக்டீரியா புது ஊருக்குப் போனால் அங்கே இருக்கிற பூச்சியையே வாகனமாக்கிக்கொள்கிறது, கலிஃபோர்னியாப் பூச்சி கூடவே போக வேண்டியதில்லை. கம்பத்துக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஓடைக்கரையான், கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. பிடுங்குவதற்கு முன்னால் சோதனைக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு இதுதான் சரியான காலம், செப்டம்பர், அக்டோபர். பாதி காய்ந்து பாதி பச்சையாக இருக்கிற இலைகளைக் காம்போடு பறியுங்கள், முழுக்கக் காய்ந்ததும் வேண்டாம், நல்ல இலையும் வேண்டாம். பாக்டீரியா அதிகம் சேர்வது காம்பில்தான், பரிசோதனையும் காம்பில்தான் செய்வார்கள். கொடிக்கு ஒரு பையாகப் போட்டு, எந்த வரிசை, எத்தனையாவது கொடி என்று மேலே எழுதி, வெயிலில் வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். ஓடைப்பக்கத்தில் இரண்டு, உள்வரிசையில் ரிப்பன் கட்டியதில் இரண்டு, மேட்டுக் கேபர்னேயில் சந்தேகமாக ஏதாவது இருந்தால் அதில் ஒன்று. எந்த ஆய்வுக்கூடம் என்று கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், வசந்தத்தில் ஒட்டுப்பொறி எங்கெங்கே கட்டுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.